கண்டலுக்கு ஒரு வாசல்

"வராதேன்னா கேக்க மாட்டேங்குதும்மா" என்றார் மருதப்பர்.

மடத்தம்மா உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யாரு?"

"கண்டல்தான். விடியக்காலை கடல் ஏறுற ஓதத்துல மறுபடியும் மிதந்து வந்து நந்தவனத்துல குத்தவச்சு உக்காந்திருக்கு. ஒரு வாளி நிறையப் பிடுங்கியிருக்கேன்."

"கொஞ்சம் தண்ணி கொடுத்தீங்களா?"

"அம்மா, தண்ணியிலதான் வந்துச்சு."

"ஆமால்ல" என்று மடத்தம்மா அடுத்த கல்லைப் பொறுக்கினார்.

மருதப்பரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி "வாங்க, வாங்க" என்று அழைப்பதுதான் அவருடைய உத்தியோகம். தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தார். மரியாதை அவர் நாக்கில் ஊறிப்போயிருந்தது. மடத்துக் கன்றுக்குட்டியையும் "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். சர்க்கரை டப்பாவில் ஏறிய எறும்பைக்கூட "போங்க, போங்க" என்றுதான் ஊதிவிடுவார்.

கண்டலை மட்டும் சனியன் என்பார்.

மடத்தம்மா அவரைவிட வயதில் மிகவும் சின்னவர். குருவுக்கு வயது பார்க்கக்கூடாது என்று மருதப்பர் வந்த அன்றே முடிவு செய்துவிட்டார். அவருடைய முழங்கால்தான் அந்த முடிவுக்கு ஒத்துழைக்கவில்லை. விழுந்து கும்பிட்டால் குருவே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மடம் இருந்தது ஆறு கடலோடு சேரும் இடத்தில், ஒரு மணல் மேட்டில். கிழக்கே தண்ணீருக்குள் கண்டல் மரங்கள் அடர்ந்த அலையாத்திக் காடு. காட்டுக்கும் மடத்துக்கும் நடுவே மருதப்பரின் நந்தவனம்.

கண்டல் மரத்தின் காய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்கு வளர்ந்துவிடும். பிறகு தண்ணீரில் விழுந்து மிதக்கும். சேறு தட்டுப்பட்ட இடத்தில் நட்டுக்குத்தலாக நின்று வேர் விடும். யாரிடமும் அனுமதி கேட்காது.

மடத்தில் உயிரைக் கொல்வதில்லை. ஆகவே மருதப்பர் ஒவ்வொன்றையும் வேர் அறாமல் பிடுங்குவார். வாளியில் போட்டுக்கொண்டு, சேற்றில் இறங்கி, காட்டின் கிழக்கு ஓரம்வரை போவார். அங்கே கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நடுவார்.

"உன் இடம் இது. இங்கேயே கிட."

சொல்லிவிட்டு வருவார். அடுத்த வாளியோடு போகும்போது முந்தின வரிசை அழுகியிருக்கும். அங்கே தண்ணீர் முன்போல வடிவதே இல்லை. இன்னும் ஆழமாக நட்டிருக்க வேண்டும் என்று தன்னையே கடிந்துகொண்டு, செத்த குச்சிகளுக்குப் பக்கத்தில் புதியவற்றை நடுவார்.

இதற்குள் நந்தவனத்தைச் சுற்றி ஒரு செங்கல் சுவரும் எழுப்பிவிட்டார். கண்டல் வாசல் வழியாக வந்தது. வாசற்படியை உயர்த்தினார். சாக்கடை வழியாக வந்தது. சாக்கடைக்கு வலை கட்டினார். நண்டு வலையை அறுத்தது.

"அதுங்க ஏன் இந்தப் பக்கம் வருதுன்னு தெரியுமா மருதப்பரே?" என்று கேட்டார் மடத்தம்மா.

"தெரியாம என்னம்மா? பேப்பர்லதான் தினம் போடுறானே. உலகம் சூடேறுது. பனிமலை உருகுது. சூடான தண்ணி விரியுது. கடல் ஏறுது. கடலோட இதுங்களும் ஏறுது."

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

"தெரிஞ்சு என்ன பிரயோசனம்? சுவரை இன்னும் ஒரு முழம் உசத்தணும். உத்தரவு கொடுங்க."

சுவர் ஒரு சாக்கு. அவர் மனமெல்லாம் மல்லியில் இருந்தது.

அது அவர் மனைவி அமிர்தம் வீட்டுக் கொல்லையில் வைத்த குண்டுமல்லி. அமிர்தம் போன பிறகு மருதப்பர் வீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தச் செடியில் ஒரு கிளையைப் பதியன் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி மடத்துக்கு வந்தார். வந்த இடத்தில் அது புதராக மண்டியது. பூஜைக்கு அந்தப் பூதான். சரம் தொடுக்கும்போது அமிர்தத்திடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே தொடுப்பார். யாரும் குறுக்கே போகமாட்டார்கள்.

இப்போது நந்தவனத்துக் கிணறு கரித்தது. மல்லியின் இலை ஓரம் கருகியது. மொட்டு மிளகு அளவுக்குச் சுருங்கியது. தாய்ச்செடி பிழைக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவசர அவசரமாகப் பல கிளைகளைப் பதியன் போட்டார். ஒன்றுதான் வேர் பிடித்தது. அது ஒரு மண்தொட்டியில் சமையற்கட்டு வாசலில் இருந்தது. அதுவும் போய்விட்டால் அமிர்தம் கை பட்டு வளர்ந்தது என்று சொல்ல உலகத்தில் எதுவும் மிச்சமில்லை.

அவருக்குப் பயமாக இருந்தது.

"தொட்டியில இருக்கிற கன்னை நடணும்மா" என்றார் மெதுவாக. "நந்தவனத்துலதான் நடணும். அதோட இடம் அது. இந்தச் சனியன்களையும் உப்பையும் நிறுத்திட்டா நட்டுடலாம்."

"அதோட இடம்" என்று மடத்தம்மா சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நானே நட்டுத் தரேன். நீங்க சமையலுக்குப் போங்க."

மருதப்பருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விழுந்து கும்பிட்டார். மடத்தம்மா கைகொடுத்துத் தூக்கினார்.

மறுநாள் சமையற்கட்டில் அவருக்குப் பூசணிக்காய் வெட்டும் வேலை. மடத்துச் சமையலைப் பார்ப்பவள் கோசலை. வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, காயை வெட்டுங்க. வரவேத்துக்கிட்டே இருக்காதீங்க."

"அம்மா கையால மல்லி நடப்போறாங்க கோசலை. இனி அதுக்கு ஒரு குறையும் வராது."

"நல்லதுதான். ஆனா நந்தவனம் காட்டுக்கு இந்தப் பக்கம்ல இருக்கு?"

"ஏன்?"

"அம்மா தொட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமா தண்ணிக்குள்ள போறாங்களே."

மருதப்பர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பூசணிக்காய் கையிலேயே இருந்தது. அதோடு ஓடினார்.

முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் மற்றதையும் கேட்டது. கொடுத்துவிட்டு ஓடினார்.

காட்டின் கிழக்கு ஓரத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே தண்ணீரில், மடத்தம்மா நின்றிருந்தார். பக்கத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு வட்டமான செங்கல் விளிம்பு தெரிந்தது. அதில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. மடத்தம்மாவின் ஒரு கையில் தொட்டி. மறுகையால் தண்ணீருக்குள் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"மல்லி நடுறேன்."

"இங்கேயா?"

"இங்கேதான். அந்தக் கிணத்தைப் பாருங்க. எனக்கு முன்னாடி மடத்துல இருந்த பெரிய சாமி காலத்துல இதுதான் நந்தவனம். இந்தக் கிணத்துத் தண்ணியை இறைச்சுத்தான் அவர் மல்லி வளர்த்தாராம். என்னைத் தூக்கிக்கிட்டு வந்து பூ பறிச்சிருக்கேன்னு எங்க அம்மா சொல்லும். மல்லியோட இடம் இது."

"அது அப்போம்மா. இப்போ இது கடல்."

"இடம் அதேதானே?"

"உப்புத் தண்ணிம்மா. ஒரு நாள் தாங்காது. செத்துரும்."

"ஆழமா வச்சா?"

"எவ்வளவு ஆழமா வச்சாலும் செத்துரும்மா. கொடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதைக் கொடுத்துருங்க."

பூசணிக்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மடத்தம்மா தண்ணீரை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இந்த இடம் சரியில்லேன்னா, உங்க வரிசையிலேயே வச்சிரட்டுமா?"

"என் வரிசையா?"

மடத்தம்மா மோவாயால் காட்டினார்.

மருதப்பர் திரும்பிப் பார்த்தார். கயிறு பிடித்த மாதிரி வரிசை. ஒன்றன்பின் ஒன்றாக, கறுத்து, தோல் உரிந்து, தலை தொங்கி, அவர் கையால் நட்ட அத்தனையும் தண்ணீருக்குள் நின்றன. தினமும் பார்த்ததுதான்.

நீர்க்காகம் சிறகை மாற்றிப் போட்டது.

மருதப்பருக்கு முதலில் அழுகை வந்தது. அழுதார். பிறகு, குரு தண்ணீரிலும் தான் சேற்றிலும் நடுவே ஒரு பூசணிக்காயுமாக நிற்பதை நினைத்தாரோ என்னவோ, சிரிப்பும் வந்துவிட்டது.

"காயைக் கொடுங்க" என்றார் மடத்தம்மா. "செடியைப் பிடிங்க."

மாற்றிக்கொண்டார்கள்.

கரையேறும்போது மருதப்பர் கேட்டார்.

"மடத்துலேயே உசந்த இடம் எதும்மா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மேட்டின் உச்சியில் ஒரே ஒரு கீற்றுக் கொட்டகைக்குத்தான் இடமிருந்தது. அது மடத்தம்மாவின் கொட்டகை.

"உங்க கொட்டகைதான்."

"அப்புறம் என்ன யோசனை?"

மடத்தம்மா நேரே போய்த் தன் பாயைச் சுருட்டினார். செம்பை எடுத்தார். அவ்வளவுதான் சாமான்.

"எங்கேம்மா படுப்பீங்க?" என்று பதறினாள் கோசலை.

"உன் பக்கத்துலதான். ரொம்பக் குறட்டை விடாதே."

"நான் எங்கே குறட்டை விடுறேன்?"

"எனக்கு மேட்டு வரைக்கும் கேக்கும்."

கொட்டகையைப் பிரித்தார்கள். மருதப்பரே குழி வெட்டினார். ஒரு முழம் போனதும் மண்வெட்டியில் எதுவோ கரகரவென்று தட்டியது. கையை விட்டு அள்ளினார். சிப்பி. கை நிறையச் சிப்பி. பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்திப் பார்த்தார். கறுப்புச் சேறு வந்தது. சேற்றில் மக்காத ஒரு வேர்த் துண்டு. அவருக்கு அந்த வேரை நன்றாகத் தெரியும். வாளி வாளியாகப் பிடுங்கியவராயிற்றே.

"அம்மா, இங்கேயும் இருந்திருக்குதுங்க."

"இருந்திருக்கும்."

"அப்போ இது அதுங்க வீடா?"

"ஒரு காலத்துல. அப்புறம் கடல் பின்னாடி போச்சு, அதுங்களும் போச்சு. இப்போ திரும்பி வருது."

மருதப்பர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போல்லாம் ஆற அமர, தலைமுறை தலைமுறையா நடந்திருக்கும்மா. இப்போ என் கண்ணு முன்னாடி ஓடி வருதே."

"கடல் துரத்துனா ஓடித்தானே வரணும்" என்றார் மடத்தம்மா.

மருதப்பர் வேரைக் கீழே வைத்தார். சிப்பியை ஓரமாக ஒதுக்கி, மேல்மண்ணைச் சலித்துப் போட்டு, சாணி உரம் இட்டு, மல்லியை நட்டார். மழைத்தண்ணீர் தொட்டியிலிருந்து ஒரு செம்பு ஊற்றினார். "இருங்க அமிர்தம், இங்கே காத்து நல்லா வருது" என்று சொன்னது கோசலைக்குக் கேட்டது. அவள் கேட்காத மாதிரி அடுப்பை ஊதினாள்.

அரளியும் நந்தியாவட்டையும் ஒவ்வொன்றாக மேட்டுச் சரிவில் ஏறின. தாய் மல்லி கடைசியாக ஒரு கைப்பிடி மொட்டு விட்டது. அதைத் தொடுத்துப் பூஜைக்கு வைத்தார். அதன் பிறகு அது பூக்கவில்லை.

மேட்டு மல்லி புதுத் துளிர் விட்ட அன்று மருதப்பர் கடப்பாரையை எடுத்தார். சுவர் எழுப்ப உத்தரவு கேட்டவர், இடிக்க உத்தரவு கேட்கவில்லை. கிழக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வாசல் அளவுக்குத் திறந்துவிட்டார். இடித்து எடுத்த செங்கல்லைக் கோசலை கேட்டு வாங்கிக்கொண்டு புது அடுப்பு போட்டாள்.

பௌர்ணமியன்று காலையில் ஓதம் ஏறியது.

மருதப்பர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சுவர் திறந்திருந்த இடத்தில் போய் நின்றார். எதற்கு வேட்டி என்று அவருக்கே தெரியவில்லை. மடத்தம்மா மேட்டில் மல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்து மருதப்பரின் கணுக்காலை நனைத்தது. அதோடு ஒரு கண்டல் மிதந்து வந்தது. பச்சையாக, முருங்கைக்காய் நீளத்துக்கு. திறப்பில் வந்ததும் உள்ளே போவதா வேண்டாமா என்று ஒரு சுற்றுச் சுற்றியது.

மருதப்பர் பழக்க தோஷத்தில் குனிந்தார். கை நீண்டது.

பாதி வழியில் நின்றது. இன்னொரு கையும் வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

"வாங்க" என்றார் மருதப்பர். "வாங்க, வாங்க."