முள்ளம்பன்றியின் படுக்கை விரிப்பு

குளத்தங்கரையில் விலங்குகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கொக்கு வெண்டாமரைதான் அங்கே மேட்ரன், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. காலையில் வார்டைச் சுற்றி வரும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டாள். படுக்கை விரிப்பைத்தான் பார்ப்பாள். அதில் ஒரு சுருக்கம் இருந்தால் போச்சு!

அப்போது இடுப்பு ஒடிந்த முள்ளம்பன்றி சடையன் அங்கே படுத்திருந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க, நர்ஸ்கள் அணில் அஞ்சலையும் மைனாவும் அவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் தேக்கிலை விரிப்பு சல்லடையாகிவிடும்.

"அஞ்சலை! இதென்ன விரிப்பா, மீன் வலையா?" என்று கத்தினாள் வெண்டாமரை.

"அவருக்கு உடம்பெல்லாம் முள்ளு, மேடம்!"

"சாக்குச் சொல்லாதே! இனி ஓட்டை விழுந்தால், புது விரிப்பு தைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்!"

அஞ்சலையின் முதுகில் தைத்திருந்த முள் வெண்டாமரையின் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் அஞ்சலையும் மைனாவும் வேலைக்கு வரவில்லை. ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் எருமை மேட்ரனிடம் சேர்ந்துவிட்டார்களாம்!

"போனால் போகட்டும்! இதென்ன பெரிய வேலையா?" என்று சிலுப்பிக்கொண்டாள் வெண்டாமரை. புது விரிப்பைத் தானே விரித்தாள்.

மதியம் சடையன் முனகினார். "மேடம், ஒரு பக்கமாவே கிடந்து உடம்பு எரியுது. புரட்டி விடுங்க!"

வெண்டாமரை அலகால் தள்ளினாள். அசையவில்லை. காலால் உந்தினாள். ஊஹும்! கடைசியில் இரண்டு இறக்கையாலும் கட்டிப்பிடித்து ஒரே தூக்கு!

சடையன் புரண்டார், நேராக அவள்மேல்.

"மேடம், விரிப்பிலே ஒரு ஓட்டைகூட இல்லை!" என்றார் சடையன். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். முள்ளெல்லாம் மேட்ரன் உடம்பில் அல்லவா இருந்தது!

நொண்டி நொண்டி ஆற்றங்கரைக்குப் போனாள் வெண்டாமரை. அஞ்சலைதான் முள்ளைப் பிடுங்கினாள்.

"ரொம்ப வலிக்குதா, மேடம்?"

வெண்டாமரைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வார்த்தை அவள் அஞ்சலையிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"திரும்பி வந்துடு, அஞ்சலை. சடையனை என்னால் தனியாகப் பார்த்துக்க முடியலை."

"இங்கே எருமையம்மா எங்ககூட நின்னு வேலை செய்யுறாங்க, மேடம். அங்கே?"

வெண்டாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ வயிற்றுப் பக்கம் பிடி. முதுகுப் பக்கத்தை நான் பிடிக்கிறேன்!"

அஞ்சலை சிரித்துவிட்டாள். "மைனாவையும் கூப்பிடறேன், இருங்க!"

வேலை செய்பவர்களோடு முள்குத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் தலைவரிடம்தான் அவர்கள் மனம் ஒப்பி நிலைத்திருப்பார்கள்.