வரித்தலை வாத்து வானத்தில் கத்துவது ஏன்

வாத்துகளும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வரித்தலை வாத்துகள் தரையில்தான் பேசும். வானத்தில் ஏறிவிட்டால் மூச். சேர்ந்து பறக்கிற வழக்கமும் அவற்றுக்குக் கிடையாது. ஐப்பசியில் வாடைக்காற்றோடு நெல்லைச் சீமைக் குளங்களில் வந்து இறங்கும். பங்குனியில் குளம் வற்றத் தொடங்கியதும் வடக்கே பனிமலையைத் தாண்டிப் போய்விடும். அவரவர் சிறகு, அவரவர் பாடு. மலை தாண்டத் தெம்பில்லாதவை குளத்திலேயே தங்கும். அடுத்த ஐப்பசியில் வந்து தேடினால் அவற்றில் ஒன்றுகூட இருக்காது.

உச்சினி என்ற நோஞ்சான் வாத்துக்கு அந்தப் பயம்தான். வரும்போது காற்று முதுகில் தள்ளியதால் எப்படியோ வந்துவிட்டாள். திரும்பும்போது யார் தள்ளுவார்கள்? கரையிலிருந்து பனங்காடு வரை பறந்தாலே அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அந்தக் குளத்தில் பறப்பதில் பெரிய கெட்டிக்காரர் வண்ணமுத்து. தினமும் விடிந்ததும் மனைவி கோமுவோடு கிளம்பி மேற்கு மலையைத் தொட்டுவிட்டு வருவார். வந்ததும் ஒன்றும் நடக்காதவர் போல் புல் மேய்வார். பேச்சில் மட்டும் மகா கருமி.

"அண்ணாச்சி, நீங்க பறக்கும்போது என்னையும் சேத்துக்கிடுங்க. தெம்பானவங்களோட பழகினாத்தான் நான் தேறுவேன்" என்று உச்சினி கெஞ்சினாள்.

வண்ணமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எம் பின்னாடி வாளா" என்றார். அவ்வளவுதான் உபதேசம்.

மறுநாள் விடிந்தது. வண்ணமுத்துவும் கோமுவும் கிளம்பினார்கள். உச்சினி கரையில் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். பின்னாடி வரச் சொல்லியிருக்கிறாரே, அவர்கள் போய்விட்டு வரட்டும் என்று காத்திருந்தாள். அவர்கள் வந்து இறங்கிய பிறகு, மண்டையைப் பிளக்கிற வெயிலில் தன்னந்தனியாகக் கிளம்பிப் பனங்காட்டிலேயே விழுந்தாள். இப்படியே பத்து நாள். பெரியவர்களோடு பழகுவது என்றால் இதுதான் போலும் என்று நினைத்தாள். ஆனால் எப்படி இதில் தேறுவது என்று மட்டும் அவளுக்குப் புரியவேயில்லை. வண்ணமுத்துவுக்கோ இவள் எதற்குக் கேட்டாள், எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்றே புரியவில்லை. அவர்தான் வாயைத் திறக்க மாட்டாரே!

பதினோராம் நாள் கோமுவுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, பழகணும்னு கேட்டுட்டு, நாங்க கிளம்பும்போது கரையில குந்திக்கிட்டு இருக்கியே, இது என்ன கூத்து?"

"அண்ணாச்சிதான மயினி பின்னாடி வரச் சொன்னாவ? நீங்க வந்த பின்னாடி போறேன்."

கோமுவுக்கு வந்த சிரிப்பில் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. "கூறுகெட்டவளே! பின்னாடின்னா பொறவு இல்லளா. அவுக வாலுக்குப் பின்னாடி!"

மறுநாள் உச்சினி வாலை ஒட்டிப் பறந்தாள். அவர் சிறகு அடித்த காற்றெல்லாம் நேரே அவள் மூஞ்சியில் அறைந்தது. தாங்க முடியாமல் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி அவர் சிறகு நுனிக்குப் பின்னால் வந்தாள். அவ்வளவுதான், உடம்பு பஞ்சாகிவிட்டது. யாரோ தூக்குகிறார்களோ என்று குனிந்து பார்த்தாள். கீழே யாரும் இல்லை. பனங்காடு எப்போது போனது என்றே தெரியவில்லை, மலை வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டியவள் குழம்பிப் போனாள். நான் பறக்கிறேனா, இவர் என்னைப் பறக்க வைக்கிறாரா? சோதித்துப் பார்க்க அவரை விட்டுத் தள்ளிப் போனாள். உடம்பு கனத்தது. திரும்ப வந்தாள். பஞ்சு.

"அண்ணாச்சி, நான் ஒங்க காத்தைத் திருடுதேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கொறையலியே" என்றார் அவர். அவருக்கும் விளங்கவில்லை.

ஆனால் நாள்பட நாள்பட அவள் நெஞ்சு உரம் பிடித்தது. தனியாகவே மலைவரை போய்வந்தாள். இதைப் பார்த்துவிட்டு மற்ற நோஞ்சான்களும் வந்து ஒன்றன் சிறகுக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

பங்குனி வந்தது, குளத்தில் சேறு நாறியது. எல்லாரும் வண்ணமுத்துவுக்குப் பின்னால் கிளம்பினார்கள். வழிநெடுக அவர்தான் முன்னால். பனிமலையின் உச்சிக்கு இன்னும் ஒரு முகடு இருக்கும்போது அவர் சிறகு தளர்ந்தது. அவர் இறங்கினால் எல்லாரும் இறங்குவார்கள். அந்தப் பனியில் இறங்கியது எதுவும் திரும்ப எழுந்ததில்லை.

தன் சிறகு எவ்வளவு தாங்கும் என்று உச்சினிக்குத் தெரியாது. போகலாமா என்று யாரைக் கேட்பது என்றும் தெரியாது. தெரியாமலேயே அவரைத் தாண்டி முன்னால் போனாள்.

எதிர்க்காற்று சுவர் மாதிரி வந்து இடித்தது. முன்னால் பார்க்க ஒரு வால் இல்லை. கழுத்தைத் திருப்பினால் காற்று புரட்டிவிடும். பின்னால் வருகிறார்களா, எல்லாரும் பனியில் இறங்கிவிட்டார்களா? தான் மட்டும் தனியாகப் பறக்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் அவள் சிறகு ஓயப் பார்த்தது. பயத்தில் அதுவரை எந்த வாத்தும் வானத்தில் செய்யாததைச் செய்தாள். வாயைத் திறந்து கத்தினாள்.

"இருக்கியளா?"

வானத்தில் யார் கத்துவது என்று பின்னால் இருந்தவர்களுக்கே திகைப்பு.

"இருக்கியளா?"

"இருக்கோம்ளா, போ!" என்றது கோமுவின் குரல். அதை அடுத்து, ஒன்றுமே பேசாத வண்ணமுத்து கத்தினார்: "ஏளா உச்சினி, காத்து எங்க போச்சுளா? இங்ஙன ஒண்ணையும் காணுமே!"

பாவம், பிறந்ததிலிருந்து அவர் யாருக்கும் பின்னால் பறந்ததே இல்லை.

உச்சினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெகு நேரமெல்லாம் அவள் தாங்கவில்லை. அவள் பின்னால் நழுவ, கோமு முன்னால் வந்தாள். வந்ததும் முதல் காரியமாக அவளும் "இருக்கியளா?" என்று கத்தினாள். அவள் களைத்ததும் ஒரு நோஞ்சான், பிறகு இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கித் தலையை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்று தொடங்கிய வழக்கம்தான், வரித்தலை வாத்துகள் முன்னால் போகிற இடத்தை மாற்றி மாற்றிப் பறப்பது. அவை கத்திக்கொண்டே போவதைக் கேட்டு வழிக்காகச் சண்டை போடுகின்றன என்று நாம் நினைக்கிறோம்; ஆனால் முன்னால் போவது இன்றைக்கும் "இருக்கியளா?" என்றுதான் கேட்கிறது, பின்னால் வருகிறவை "இருக்கோம்" என்றுதான் சொல்கின்றன.