மாலைக் காட்சியின் பழுது

மங்களாம்பிகா திரையரங்கில் படச்சுருள் முழுவதும் ஒரு பெரிய சுழல்தட்டில் படுத்திருந்து, நடுவிலிருந்து பிரிந்து புரொஜெக்டருக்குள் செல்லும். ஒரு வாரமாக மாலைக் காட்சிதோறும் அது தட்டின் நடுவிலேயே சிக்கி, படம் நின்றுபோனது.

முதலாளி தனவேலு மாலைதோறும் மேலே புரொஜெக்டர் அறைக்கு வந்து, மேசை விசிறியைச் சுழலவிட்டு, தட்டின் அருகே அமர்ந்து ஆபரேட்டர் இன்னாசியைத் திட்டுவார்.

“மோட்டாரை மாத்தியாச்சு, பெல்ட்டை மாத்தியாச்சு. இனி உன்னைத்தான்யா மாத்தணும்! இன்னைக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாம சரிபண்ணு. படம் நின்னா நீ வீட்டுக்குப் போ!”

“தொடலீங்க முதலாளி” என்ற இன்னாசி விசிறியை அணைத்தார்.

“யோவ், வேகுதுய்யா!”

“இடைவேளை வரைக்கும் பொறுத்துக்குங்க.”

முதலாளி துண்டு நனைய வியர்த்தார். படம் நிற்காமல் ஓடியது. இடைவேளையில் இன்னாசி விசிறியைப் போட்டார். தட்டின் நடுவில் தளர்ந்திருந்த சுற்றுகள் காற்றில் எழும்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

“பகல் காட்சி மட்டும் ஏன் நிக்கலைன்னு இப்போ தெரியுதுங்களா? அப்போ நீங்க வீட்டுல தூங்குறீங்க.”

மறுநாளிலிருந்து முதலாளி மேலே வரவில்லை. கீழிருந்தே தொலைபேசியில் திட்டினார். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை, திட்டும் நிற்கவில்லை.