நீல வளையம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்த ஒருவர் சொன்னது. கூட்டாமல் சொல்லப் பார்க்கிறேன்.

பேராசிரியர் ஞானதிரவியத்திடம் ஏழு வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தாள் பேச்சித்தாய். அவருடைய வகுப்புகளுக்குக் கருவிகளை எடுத்துவைப்பது அவள்தான். விடைத்தாள் திருத்துவதும் அவள்தான். பீரோவுக்கு அடுத்தபடி இந்தத் துறையின் பழைய சொத்து நீதான் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும். ஆய்வேட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். இன்னும் ஒரு அளவீடு எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றார். ஒவ்வொரு முறையும் சொல்வதுதான்.

“நானும் வேகவேகமா எடுத்துக்கிட்டேதான் இருக்கேன் சார். எப்பதான் வெளியே போவேன்?”

அவர் எழுந்துபோய், மேசைமேல் இருந்த கண்ணாடிக் குழாயை இயக்கினார். குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை நேர்கோடாக ஓடியது. இருபுறமும் இருந்த கம்பிச் சுருள்களுக்கு மின்சாரம் கொடுத்தார். காந்தப்புலம் வந்ததும் கோடு வளைந்து, நீல வளையமாகிச் சுற்றியது.

“வேகத்தைக் கூட்டும்மா.”

அவள் மின்னழுத்தத்தைக் கூட்டினாள். வளையம் பெரிதானது.

“வெளியே போச்சா?”

“இல்ல சார். பெரிசா சுத்துது.”

“பொறுமையா இருந்தா நீயும் பெரிசா வருவ.”

அவள் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காந்தம் அதுக்கு வேகம் ஏதாவது குடுக்குதா சார்?”

“இல்ல. திசையை மட்டும் திருப்பும்.”

அவள் கை சுருளின் சுவிட்சை நோக்கிப் போனது. அதை அணைத்தால் கற்றை மறுபடி நேராக ஓடும். இருவருக்கும் தெரியும். அதற்குள் அவர் சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

“அதுல மட்டும் கை வைக்காதம்மா. நாளைக்கு வகுப்புக்கு வேணும்.”

பேச்சித்தாய் ஆய்வேட்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, அளவீடு எடுக்க உட்கார்ந்தாள்.

ஒன்றை மட்டும் நான் பிறகு சரிபார்த்தேன். சந்தேகத்துக்கு இரண்டு புத்தகம் பார்த்தேன். ஒளியின் வேகத்தை நெருங்காத வரை, துகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வட்டம்தான் பெரிதாகும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறாது.