ஆனியில் பொங்கிய பால்

இந்த வழக்கைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நீங்களாவது பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஒரு தட்டச்சர். கணவர் இல்லை, மகள் தமயந்தி மட்டும். அவளுக்குக் காது கேட்காது. அவள் படிக்கிற பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்று செண்பகவல்லி ஐந்து மாதம் கால் தேய அலைந்தாள். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "வீட்ல ஆம்பளை யாரும் இல்லையா?" இல்லை என்று சொன்ன நிமிடமே காலி வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிடும்! ஆண்பிள்ளை இருந்தால்தான் கூரை நிற்கும் என்று எந்தக் கொத்தனார் சொன்னாரோ, தெரியவில்லை.

கடைசியில் பள்ளிக்கு எதிர்த் தெருவில் நவநீதன் அண்ணாச்சியின் மாடி வீடு அமைந்தது. கீழே ஐந்து அறையில் அவரும் அவர் மனைவியும் மட்டும். மாடிக்கு வெள்ளையடிக்க இருபது நாள் ஆகும். அதற்குள் ஆடி பிறந்துவிடும். செண்பகவல்லிக்கு அந்தக் கவலை இல்லை, அவருக்குத்தான் இருந்தது.

"ஆடியில யாரும் குடி வரக் கூடாதும்மா. ஆனி முடியுறதுக்குள்ள பாலைக் காய்ச்சிருங்க. காய்ச்சிட்டா குடி வந்தாச்சுன்னுதான் அர்த்தம். சாமானை எப்ப வேணும்னாலும் ஏத்திக்கலாம்."

ஆனிக் கடைசி வெள்ளி காலையில் அவள் பால் காய்ச்சினாள். பால் பொங்கி அடுப்பு மேடையில் வழிந்தது. முதல் டம்ளரை அண்ணாச்சிக்குத்தான் கொடுத்தாள். "சீனி கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மகளின் பெயர் வெட்டிய அந்தப் பால் பாத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு, வெள்ளையடிக்கிறவர்களுக்காகச் சாவியை அவரிடமே கொடுத்துப் போனாள்.

ஆடி பத்தாம் நாள். பழைய வீட்டைக் காலி செய்து, சாமான் வண்டியோடு வந்து இறங்கினால், மாடிக் கொடியில் குழந்தைத் துணி காய்கிறது. பொன்னுத்துரை என்பவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியேறி மூன்று நாளாகிவிட்டது!

காரணம் கேட்டாள். "நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்கம்மா. இவங்கன்னா குடும்பம்" என்றார் அண்ணாச்சி. அந்தப் பால் பாத்திரத்தையும் எடுத்து வந்து அவள் கையில் திணித்தார். பிச்சை கேட்டு வந்தவளை அனுப்புவதுபோல!

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணாச்சி? இது நான் பால் காய்ச்சுன வீடு" என்றாள் செண்பகவல்லி.

அவர் நாக்கூசாமல் சொன்னார்: "பால் காய்ச்சுறதெல்லாம் ஒரு சாங்கியம்மா. அதுக்காக வீடு உங்களுதாயிருமா? யாரு குடியிருக்காங்களோ, அவங்களுக்குத்தான் வீடு."

பொன்னுத்துரை பதறிப்போனார். "சத்தியமா எங்களுக்கு எதுவும் தெரியாதுக்கா. ஆடியில குடி வர வேண்டாம்னு எங்க வீட்ல அவ்வளவு பயந்தா. 'ஆனியிலயே பால் காய்ச்சியாச்சு, குடி வந்த வீடு, தோஷமில்ல'ன்னு அண்ணாச்சிதான் சொன்னாரு. நாங்களும் பழைய வீட்டக் காலி பண்ணிட்டோம். பச்சப்புள்ளயோட எங்க போவோம்?"

தமயந்திக்கு யார் பேச்சும் கேட்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த பாத்திரத்தில் தன் பெயரை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

பால் காய்ச்சியவள் ஒருத்தி. குடியிருக்கிறவர் ஒருவர். வீடு என்னுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன் என்கிறவர் ஒருவர். இதில் யார் பேச்சு செல்லும்? அந்த மாடி யாருக்கு?

என் தீர்ப்பு இது. பால் காய்ச்சினால் குடி வந்ததாகாது என்றால், பொன்னுத்துரையை ஆடியில் அழைத்து வந்த பேச்சு பொய்; பொய் சொல்லி வைத்த குடி செல்லாது. ஆகும் என்றால், ஆனியிலேயே அந்த வீட்டுக்குக் குடி வந்தவள் செண்பகவல்லி. பொன்னுத்துரைக்குத் தோஷமில்லாமல் போனதே அவள் காய்ச்சிய பாலால்தான். ஆகவே மாடி அவளுக்கு. பொன்னுத்துரையும் தெருவில் நிற்க வேண்டாம்; வேறு வீடு அமையும்வரை கீழே அண்ணாச்சியின் ஐந்து அறையில் மூன்றை எடுத்துக்கொள்ளட்டும். ஆடியாயிற்றே என்று அண்ணாச்சி தயங்கவும் தேவையில்லை. அந்த வீட்டில்தான் எப்போதோ பால் காய்ச்சியாகிவிட்டதே!