ஸோட்வா சுத்தியல் எடுத்த நாள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குத் தெற்கே, குன்றின் சரிவில் வீடுகள் படிப்படியாக இறங்கும் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே லிண்டிவே என்பவள் பெண்களுக்கு ஓவியம் கற்பித்து வந்தாள். அவளிடம் கற்றவர்களில் மூத்தவள் டெலிசிலே. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். வயதில் குருவுக்குத் தாய் போன்றவள்.

அவள் லிண்டிவேயைக் ‘குருவே’ என்பாள். லிண்டிவேயோ ஊர் வழக்கப்படி அவளை ‘டீச்சர்’ என்றே அழைப்பாள்.

“இரண்டு பேருமே வாத்தியாரம்மா என்றால், பாடம் படிப்பது யார்?” என்று கேட்பாள், ஊர்ப் பெண்களுக்குத் தலை பின்னிவிடும் ஸோட்வா.

அந்த ஆண்டு சமூகக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று வைப்பதென்று குடியிருப்புப் பெண்கள் முடிவு செய்தார்கள். கறுப்பினப் பெண்களின் மகிழ்ச்சி என்பதுதான் பொருள். வரைபவர்களும் அவர்களே; வரையப்படுபவர்களும் அவர்களே. லிண்டிவே ஒரே ஒரு விதி வைத்தாள். படத்தில் இருப்பவள் எவளோ, அவளே தன் கையால் சுவரில் ஆணி அடிக்க வேண்டும். அவள் மறுத்தால் படம் ஏறாது. பெயர் மட்டும் இருக்கும். பெயருக்கு மேலே வெறும் சுவர் இருக்கும்.

டெலிசிலேக்கு வரைய வாய்த்தவள் ஸோட்வா.

ஸோட்வா ஆரஞ்சு நிறத்தில் புது ஆடை தைத்துக்கொண்டாள். நாட்டின் உட்பகுதி ஊர்களில் இருந்த தங்கைகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினாள். “என் படத்தைச் சுவரில் மாட்டப் போகிறார்கள். பேருந்து பிடித்து வந்துவிடுங்கள்.”

டெலிசிலே முதல் படத்தை முடித்துக் காட்டினாள். ஸோட்வாவின் முகத்துக்குப் பின்னால் நிறவெறி ஆட்சியில் இடிக்கப்பட்ட வீடுகள், புகை, ஒரு போலீஸ் வண்டி.

ஸோட்வா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“டீச்சர், என்னைவிட வண்டி பெரிதாக இருக்கிறதே. வண்டியையே கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.”

அடுத்த படத்தில் ஸோட்வா தூணாக நின்று ஒரு கூரையைத் தலையில் தாங்கினாள்.

“என் இடுப்பு வலி ஊருக்கே தெரியும். இதில் கூரை வேறா? கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.”

டெலிசிலே ஒரு வாரம் யாருடனும் பேசாமல் வரைந்தாள். இம்முறை சூரியன் இருந்தது, பறவைகள் இருந்தன. ஸோட்வா வானத்தை நோக்கிக் கைகளை விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

உண்மையான ஸோட்வா சிரிக்கவில்லை.

“யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் இதில்? பல் வைத்தியர் வாசலில் வைக்கிற பலகை மாதிரி இருக்கிறது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “தங்கைகள் சனிக்கிழமை வருகிறார்கள், டீச்சர். வெறும் சுவருக்குக் கீழே என்னை நிற்க வைத்துவிடாதீர்கள்.”

அன்று மாலை டெலிசிலே குருவிடம் போனாள்.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“ஸோட்வாவைப் பற்றியா?”

“மகிழ்ச்சியைப் பற்றி. முப்பது ஆண்டுகள் வரலாறு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், நானும் பட்டிருக்கிறேன். அதையெல்லாம் தள்ளிவிட்டு மகிழ்ச்சியை மட்டும் வரைந்தால், அது பொய்யாகாதா?”

லிண்டிவே தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து டெலிசிலேயின் தலையைப் பார்த்தாள்.

“டீச்சர், தலை பின்னி எவ்வளவு காலமாயிற்று?”

“நான் கேட்டது...”

“காதில் விழுந்தது. நாளைக் காலை ஸோட்வாவிடம் போய்த் தலையைக் கொடுங்கள். பென்சில் வேண்டாம்.”

ஸோட்வா தலை பின்னுவது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். தலையைக் கொடுப்பவள் கீழே, அவள் முழங்கால்களுக்கு நடுவில், முக்காலியில் உட்கார வேண்டும். எதிரே சுவரில் சாய்த்த கண்ணாடி. அன்று வேறு இருவரும் முறைக்குக் காத்திருந்தார்கள். இருவருமே டெலிசிலேயிடம் படித்தவர்கள். அவள் உள்ளே நுழைந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

ஸோட்வா வகிடு எடுத்தாள். ஒரு வரிசை, இரண்டு வரிசை பின்னினாள். யாரும் பேசவில்லை.

“இது தலை பின்னும் இடமா, தேர்வுக் கூடமா?” என்றாள் ஸோட்வா.

டெலிசிலேயின் பாதித் தலை முடிந்திருந்தது. மறு பாதி புதராக நின்றது. இந்தக் கோலத்தில் எழுந்து ஓடவும் முடியாது. அதை நன்றாக உறுதி செய்துகொண்டுதான் ஸோட்வா தொடங்கினாள். சீப்பைச் சாக்குக்கட்டி போல உயர்த்தினாள். கழுத்தை நீட்டினாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது போல விழிகளை உருட்டினாள்.

“பின் வரிசை! அங்கே என்ன சிரிப்பு? சிரித்தவள் எழுந்து நில்!”

குரல் அச்சு அசலாக டெலிசிலேயின் குரல். காத்திருந்தவர்களில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பழக்கதோஷத்தால் சட்டென்று எழுந்தே நின்றுவிட்டாள்.

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

“ஐயோ, நான் ஏன் நிற்கிறேன்?” என்று எழுந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“காரணம் கூறுக. ஐந்து மதிப்பெண்,” என்றாள் ஸோட்வா அதே குரலில்.

டெலிசிலே உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பயனில்லை. எங்கிருந்தோ புறப்பட்ட சிரிப்பு அவளைக் குலுக்கியது. கண்ணில் நீர் வந்தது. முதுகுக்குப் பின்னால் ஸோட்வாவின் முழங்கால்களும் குலுங்குவது தோளில் தெரிந்தது.

“ஆடாதீர்கள் டீச்சர், வகிடு கோணும்!”

“நீதானே ஆடுகிறாய்!”

அப்போது டெலிசிலே எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

வீடு திரும்பியதும் வரையத் தொடங்கினாள். கறுப்பு வண்ணத்தை எடுக்கவே இல்லை. நாவற்பழத்தின் நீலமும் செம்பும் காவியும் குழைத்து ஸோட்வாவின் முகத்தைக் கட்டினாள். சாப்பிட மறந்தாள். போலீஸ் வண்டியையும் மறந்தாள்.

சனிக்கிழமை காலை, படத்தின் மேல் கிடந்த துணியை விலக்கினாள். ஸோட்வாவும் தங்கைகளும் பார்த்தார்கள். உயர்த்திய சீப்பு, உருட்டிய விழி, அடக்க மாட்டாமல் வெடிக்கப் போகும் கன்னங்கள். அதுதான் ஸோட்வா. அவள் முழங்கால்களுக்கு நடுவே, பாதித் தலை பின்னியும் பாதி விரிந்தும், கண்ணீர் வழியச் சிரிக்கும் டெலிசிலே.

ஸோட்வா படத்துக்கு அருகே குனிந்து பார்த்தாள். டெலிசிலே தன் சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“என் மூக்கு இவ்வளவு பெரிதா?”

“ஆமாம்.”

“நல்ல மூக்கு.” சற்றுத் தள்ளி நின்று மறுபடி பார்த்தாள். “டீச்சர், உங்கள் பாதித் தலை அலங்கோலமாகக் கிடக்கிறதே. ஊரே பார்க்குமே.”

“பார்க்கட்டும்.”

“கொட்டகையில் என் கண் பின்னலில்தான் இருக்கும். அங்கே நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது,” என்றாள் ஸோட்வா. பிறகு கையை நீட்டினாள். “சுத்தியல் எங்கே?”

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது, உள்ளங்கை அளவு சுண்ணாம்பைப் பெயர்த்தது. தங்கைகள் நால்வரும் நான்கு விதமாகக் கட்டளையிட்டார்கள். “சுவர் என்னுடையதா, உங்களுடையதா?” என்று அதட்டி, ஸோட்வா மூன்றாவதை அடித்தாள். படம் ஏறியது. கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. நேராக்கப் போன டெலிசிலேயின் கையை ஸோட்வா பட்டென்று தட்டிவிட்டாள்.

பிற்பகலில் கூடம் நிரம்பியது. நீந்தும் பெண், நாவை நீட்டும் கிழவி, மழையில் ஆடும் செவிலி என்று சுவரெங்கும் அவர்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதற்குரியவள் புது ஆடையில் நின்று, வருகிறவர்களை வழிமறித்து விளக்கம் சொன்னாள். ஸோட்வாவின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். பழைய மாணவிகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்து நின்று காட்டினார்கள்.

டெலிசிலேக்கு மனம் நிறைந்திருந்தது. ஆயினும் வரலாறு கற்பித்தவள் அல்லவா. விடை கிடைக்காத கேள்வியை விட்டுவிட அவளால் முடியவில்லை. கூடத்தின் கோடியில் லிண்டிவே பெரிய பானையிலிருந்து வேகவைத்த சோளத்தையும் பயறையும் தட்டுகளில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். டெலிசிலே அவளிடம் போனாள்.

“குருவே, அன்று கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.”

“கேளுங்கள்.”

“நாங்கள் பட்டதெல்லாம் இந்தச் சுவரில் எங்கே?”

லிண்டிவே ஒரு தட்டை எடுத்தாள். குவித்து வைத்தாள். அதன்மேல் இன்னும் ஒரு கரண்டி வைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

“இதைச் சமைத்தவள் எத்தனையோ நாள் பட்டினி கிடந்தவள். அவளிடம் போய், ‘அந்தப் பட்டினியை ஏன் பரிமாறவில்லை?’ என்று கேட்பீர்களா, டீச்சர்?”