ஹேக்கியா வாய் மூடிய கதை

செடிகளும் கால் வைத்து நடந்த அந்தக் காலத்தில், ஆஸ்திரேலியாவில் ஓர் ஆற்றங்கரையில் ஹேக்கியா என்ற புதர்ச்செடி இருந்தது. மெத்தென்ற இலைகள், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள். யாராவது கிடைத்தால் போதும், பேசிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் வால் தூக்கிய சின்னஞ்சிறு சிட்டு ஒருத்தி வந்தாள்.

"அக்கா, பக்கத்து நாணலுக்குள் இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே."

"நான் ஏன் சொல்லப்போகிறேன்?" என்றது ஹேக்கியா.

அவள் இரை தேடப் போனதும் கொக்கிமூக்கன் என்ற பறவை வந்து கிளையில் உட்கார்ந்து பாடினான். அப்படியொரு குரலை அந்தக் கரை கேட்டதில்லை. ஹேக்கியா சொக்கிப்போனது.

"இவ்வளவு பூத்தும் உன்னைப் பார்க்க யாரும் வருவதில்லையா?" என்று கேட்டான்.

"வராமல் என்ன? சிட்டு வருவாளே. அதோ, அந்த நாணலுக்குள்தான் அவள் குஞ்சுகள்..." சட்டென்று நிறுத்தியது ஹேக்கியா. "ஐயோ! நீ யாரிடமும் சொல்லிவிடாதே."

"சேச்சே" என்றான் அவன்.

யாரிடமும் அவன் சொல்லவில்லை. நேரே நாணலுக்குப் பறந்தான். ஒரு குஞ்சைக் கவ்வி வந்து, ஹேக்கியாவின் கிளைக்கவட்டிலேயே அதைச் செருகி, கிழித்துத் தின்றான்.

ஹேக்கியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இலை ஒவ்வொன்றும் விறைத்து, சுருண்டு, ஊசியாகக் குத்திட்டு நின்றது. அவன் மறுபடி நாணலுக்குள் பாய, மற்றொரு குஞ்சு அலறியபடி தத்தித் தத்தி வந்து அந்த ஊசிகளுக்குள் புகுந்துகொண்டது. துரத்திய கொக்கிமூக்கன் மார்பில் குத்து வாங்கி, இரத்தம் சொட்டப் பறந்து போனான்.

சிட்டு திரும்பி வந்தாள். கூட்டைப் பார்த்தாள். கிளைக்கவட்டில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தாள். அலகிலிருந்த புழு கீழே விழுந்தது.

"அக்கா, உன்னிடம் மட்டும்தானே சொன்னேன்?"

ஹேக்கியா வாயை இறுக மூடிக்கொண்டது. மிஞ்சிய குஞ்சை ஊசிகளுக்குள் வைத்தபடியே, ஆற்றை விட்டு மேட்டில் ஏறியது. பேச்சுத்துணைக்கு யாரும் வராத வறண்ட பாறையில் போய் வேரூன்றியது. சிட்டும் பின்னாலேயே பறந்து போனாள். குஞ்சு அங்கே இருக்கிறதே, வேறென்ன செய்வாள்?

அன்றிலிருந்துதான் ஹேக்கியா பாறை மேடுகளில் வளர்கிறது. சின்னப் பறவைகள் அதன் ஊசிகளுக்குள் கூடு கட்டுகின்றன. ஹேக்கியா மட்டும் பேசுவதே இல்லை. தன் விதைகளைக்கூட மரக்கட்டை போன்ற காய்க்குள் இறுக மூடி வைத்திருக்கிறது. காட்டுத்தீயில் செடி கருகிச் செத்தால்தான் அந்தக் காய் வாய் திறக்கும்.